பெற்றவளும் வளர்த்தவளும்: சிறு பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

(மதரஸா பெற்றோர் கூட்டத்தில் ஜமாஅத் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் பிள்ளைகளின் தேர்ச்சி, கட்டடப் பணி, சந்தா பாக்கி ஆகியவற்றைப் பற்றியே பேசி முடித்துக் கொள்வது வழக்கம். இவ்வாண்டு அவற்றை அறிக்கையின் பக்கங்களுக்கு விட்டுவிட்டு, நாம் எல்லோரும் அறிந்திருந்தும் வாய் திறக்காத ஒரு செய்தியைப் பேச விரும்புகிறோம். நம் வீடுகளில் எடுத்து வளர்க்கப்படும் பிள்ளைகளுக்கு அந்த உண்மையை எப்பொழுது, எவ்வாறு சொல்வது என்பதே அது.

நிகாஹ் மஜ்லிஸில் மணமகளின் பெயரை அவளுடைய தந்தையின் பெயரோடு சேர்த்து வாசிப்பது நம் மரபு. தஃப்தரிலும் அவ்வாறே எழுதுகிறோம். இருபது ஆண்டுகள் ஒரு வீடு பொத்திப் பொத்திப் பாதுகாத்த இரகசியம் அந்த ஒரு வரியில் வெளிப்பட்டு விடுகிறது. அத்தா என்று அழைத்து வளர்ந்தவரின் பெயர் வரவேண்டிய இடத்தில், சின்னத்தா என்று அழைத்து வந்தவரின் பெயர் வருகிறது. சபையில் இருப்போருக்கு அது புதுச் செய்தியன்று. மணப்பெண் ஒருத்திக்குத்தான் புதிது. இத்தகைய வேளைகளில் கண்ணீரோடு கையொப்பமிட்ட பிள்ளைகளை நாம் கண்டதுண்டு. அந்தக் கண்ணீரைப் பிறந்தகம் பிரியும் துயரம் என்று பிறர் எண்ணிக் கொண்டனர்.

மணநாள் வரையிலும் போக வேண்டியதில்லை. தெருவில் விளையாடும்போது ஏற்படும் ஒரு சிறு சச்சரவு போதும். 'நீ வந்த பிள்ளைதானே' என்று இன்னொரு குழந்தை சொல்லிவிடும். அக்குழந்தைக்கு அதை யார் சொன்னார்கள் என்று கேட்டால், நம் வீட்டுத் திண்ணைப் பேச்சைத்தான் காட்ட வேண்டியிருக்கும். ஊரே அறிந்த செய்தியை உரிய பிள்ளைக்கு மட்டும் மறைப்பது என்பது எவ்வகையிலும் நடவாத காரியம். பிள்ளை அதை வளர்த்தவர்களின் வாயால் கேட்கப் போகிறதா, வைதவர்களின் வாயால் கேட்கப் போகிறதா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

நம் புதுக்கோட்டை மண்ணில் சுவீகாரம் என்பது புதிய சொல் அன்று. சமஸ்தான மன்னர் இராமச்சந்திர தொண்டைமான் தம் மகள் வயிற்றுப் பேரனை 1877-இல் சுவீகாரம் எடுத்துக் கொண்டார். அக்குழந்தையே 1886-இல் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் என்ற பெயரில் பட்டத்துக்கு வந்தவர். அங்கே வாரிசு தேவைப்பட்டது அரண்மனைக்கு. நம் மார்க்கம் போற்றும் கஃபாலத் என்னும் பொறுப்பேற்பில் தேவை பிள்ளையுடையது. ஆதரவற்ற ஓர் உயிருக்கு வீடு தேவைப்படுகிறது, நாம் அதைத் தருகிறோம். நோக்கம் இரண்டும் வேறு. ஆயினும் அரண்மனைச் சுவீகாரத்தில் ஒன்று கவனிக்கத் தக்கது. அது ஊரறிய நடந்தது, யாரும் ஒளிக்கவில்லை.

ஒளிக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மார்க்கத்திலிருந்து வரவில்லை என்பது மட்டும் உறுதி. அல்குர்ஆனின் 33-ஆம் அத்தியாயமாகிய அல்அஹ்ஸாபின் தொடக்கத்திலேயே, வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகின்றான். தந்தை இன்னாரென்று தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள், உங்களைச் சார்ந்தவர்கள் என்றும் அங்கே தெளிவாக்கப்படுகிறது. சிலர் இக்கட்டளையைக் கேட்டு, பிள்ளையை எடுத்து வளர்ப்பதே கூடாது போலும் என்று எண்ணி விடுகின்றனர். அது தவறான விளக்கம். யத்தீமைப் பொறுப்பேற்பவர் சுவர்க்கத்தில் தம்மோடு எவ்வளவு நெருக்கமாக இருப்பார் என்பதைத் தம் இரு விரல்களைச் சேர்த்துக் காட்டியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். வளர்ப்பது தடுக்கப்படவில்லை. பிள்ளையின் வேரை அழிப்பதே தடுக்கப்பட்டது. அப்படியானால் பிள்ளைக்கு உண்மையைச் சொல்வது நம் விருப்பத்தைப் பொறுத்த ஒன்றாக நின்று விடவில்லை. அது பிள்ளையின் ஹக்கு.

சரி, நான்கு வயதுப் பிள்ளையிடம் வம்சம், வலீ, வாரிசுரிமை என்றா பேச முடியும்? இங்கேதான் கதை நமக்குக் கைகொடுக்கிறது. உறங்கப் போகும் நேரத்தில் தலையைத் தடவிக் கொண்டே சொல்லும் நபிமார் வரலாறுகளை விடப் பொருத்தமான வழி வேறில்லை. நம் அண்டை வீட்டார் கண்ணனையும் யசோதையையும் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லி மகிழ்கின்றனர். அதே சமூகத்தின் கூத்து மேடையில் கர்ணனும் வருகிறான். தாய் யாரென்பதைப் போர் மூளும் நேரத்தில் அறிந்து நெஞ்சுடைந்து நிற்கிறான். இளமையிலேயே அறிவது எப்படி, காலங்கடந்து அறிவது எப்படி என்பதை இவ்விரு கதைகளையும் கேட்டு வளர்ந்த தமிழர் எவரும் உணர்வர்.

நமக்கு மூஸா (அலை) அவர்களின் வரலாறு இருக்கிறது. இதில் பெற்ற தாயும் இருக்கிறார், வளர்த்த தாயும் இருக்கிறார், இருவருமே நல்லவர்கள். நம் தேவைக்கு இதனினும் ஏற்ற வரலாறு இல்லை என்றே கருதுகிறோம். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

நைல் நதியை நம் பிள்ளைகள் அறியார். மழைக்காலத்தில் கரை தொட்டு ஓடும் வெள்ளாற்றை அறிவர். நிறைந்த கண்மாயை அறிவர். அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு தாய், அவளிடம் ஒரு பச்சிளங்குழந்தை. அந்த ஊரில் ஆண் குழந்தைகளுக்கு ஆபத்து. வீட்டில் வைத்துக் கொண்டால் குழந்தை பிழைக்காது. அந்தத் தாய் முதலில் என்ன செய்தாள்? பால் கொடுத்தாள். அல்லாஹ் அவளுக்கு உதிப்பாக்கிய கட்டளையில் முதலாவது பாலூட்டுவதுதான். ஆற்றில் விடுவது அதற்குப் பிறகே. கதை சொல்வோர் பலர் அவசரத்தில் இந்த இடத்தைத் தாண்டி நேரே பேழைக்குப் போய் விடுகின்றனர். எடுத்து வளர்க்கப்படும் பிள்ளை கேட்க வேண்டிய இடமோ இதுவே. கொடுப்பதற்கு முன்னால் அவள் பால் கொடுத்தாள். அஞ்சினாள், அழுதாள், அப்புறம்தான் விட்டாள்.

அடுத்து, பேழை மிதந்து போகும்போது கரையோரமாகவே நடந்து போன அக்காவைச் சொல்லுங்கள். யாருக்கும் ஐயம் வராதபடி தொலைவில் நின்று பார்த்துக் கொண்டே போனாள். குழந்தைகளுக்கு இந்த அக்காவை மிகவும் பிடிக்கும். விட்டுவிட்ட பிறகும் ஒரு கண் தன்னைப் பார்த்துக் கொண்டே இருந்தது என்பது ஒரு குழந்தைக்கு எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பின்னர் ஆசியா (அலை) அவர்கள். பேழையைத் திறந்தவுடன் அவர்களுடைய கண் குளிர்ந்தது. இக்குழந்தையை ஒன்றும் செய்யாதீர்கள், நாம் மகனாக வளர்ப்போம் என்று வாதாடிக் காப்பாற்றினார்கள். பெற்ற தாயின் கண்ணும் பின்னர் குளிர்ந்தது; ஏனெனில் அக்குழந்தை வேறு எவரிடமும் பால் குடிக்க மறுக்கவே, அக்கா வந்து ஒரு வீட்டைக் காட்டித் தர, தாயிடமே குழந்தை பால் குடிக்கத் திரும்பியது. கண் குளிர்ச்சி என்னும் செய்தி அல்கஸஸ் அத்தியாயத்தில் வளர்த்தவருக்கும் வருகிறது, பெற்றவருக்கும் வருகிறது. அல்லாஹ் ஒருவரை உயர்த்த இன்னொருவரைத் தாழ்த்தவில்லை. நாமும் தாழ்த்தலாகாது. 'உன்னைப் பெற்றவள் வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனாள், நாங்கள்தான் எடுத்தோம்' என்று சொல்லும் வளர்ப்புப் பெற்றோர் உண்டு. பாசத்தால் சொல்வதாக அவர்கள் நினைக்கலாம். பிள்ளையின் காதில் அது, நீ வேண்டாத பொருள் என்றே விழும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆசியா (அலை) அவர்களின் கணவன் ஃபிர்அவ்ன். கதையை முழுவதும் கேட்ட ஐந்து வயதுப் பிள்ளை, தன்னை வளர்க்கும் அத்தாவைத் திரும்பி ஒரு மாதிரியாகப் பார்த்தால் வியப்பதற்கில்லை! ஆகவே மிகச் சிறிய பிள்ளைகளுக்குப் பேழை, அக்கா, இரண்டு அம்மாக்கள் என்ற அளவோடு நிறுத்திக் கொள்ளலாம். கொடுங்கோலனின் வரலாறு எட்டு, ஒன்பது வயதில் வரட்டும். யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றையும் அவ்வாறே சற்றுத் தள்ளி வையுங்கள். அஸீஸின் இல்லத்தில் அவர்கள் வளர்ந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன் உடன்பிறந்தாரே கிணற்றில் தள்ளிய செய்தி வருகிறது. தன் பிறப்பைப் பற்றி முதன்முதலாகக் கேட்கும் பிள்ளைக்கு அது வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்கு மர்யம் (அலை) அவர்களின் வரலாறு மிகப் பொருத்தம். அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்று பெரியவர்களுக்குள் போட்டியே எழுந்தது. எழுதுகோல்களைப் போட்டுச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்தார்கள். பொறுப்பு ஸகரிய்யா (அலை) அவர்களுக்குக் கிடைத்தது. இவ்விடத்தில் அல்குர்ஆன் பயன்படுத்தும் சொல்லின் வேரிலிருந்தே கஃபாலத் என்னும் சொல் வந்திருக்கிறது. ஒரு பெண் குழந்தையை வளர்க்கப் பெரியோர்கள் போட்டியிட்டார்கள் என்று கேட்கும் சிறுமியின் முகத்தைப் பாருங்கள். பெண் குழந்தை என்றதும் முகம் சுளித்த வீடுகளும் நம் தமிழ்நாட்டில் இருந்ததால்தானே 1992-இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது?

வளர்த்த தந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்கள் இருக்கின்றார்கள். சிறு வயதில் கடத்தப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். பெற்ற தந்தை தேடிக் கொண்டு மக்காவுக்கே வந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் பிள்ளையை ஒளித்து வைக்கவில்லை. அழைத்து, விரும்பினால் போகலாம் என்றார்கள். ஸைத் (ரலி) இருக்கவே விரும்பினார்கள். ஸைத் இப்னு முஹம்மத் என்றே ஊர் அழைத்தது. பின்னர் மேற்சொன்ன கட்டளை இறங்கியதும் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா ஆனார்கள். அந்தப் பெயர் மாறிய நாளில் அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆனால் அதே அத்தியாயத்தில் ஸைத் என்ற பெயரை அல்லாஹ் குறிப்பிடுகின்றான். ஸஹாபாக்களில் அல்குர்ஆனில் பெயர் சொல்லப்பட்டவர் அவர் ஒருவரே. பெயர் மாறியது, பாசம் மாறவில்லை. ஹிஜ்ரி 8-இல் முஃதா போருக்குப் படை புறப்பட்டபோது அதற்கு முதல் தளபதியாக அவரையே அனுப்பினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளை, 'என் பெயருக்குப் பின்னால் வேறொருவர் பெயர் வந்தால் நீங்கள் எனக்கு அத்தா இல்லையா?' என்று கேட்குமானால், அதற்கு விடை இந்த வரலாற்றில் இருக்கிறது.

பெற்றோர் யாரென்றே தெரியாத பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? அவர்களுக்கு ஸாலிம் (ரலி) அவர்களைச் சொல்லுங்கள். அபூ ஹுதைஃபா (ரலி) அவர்கள் மகனாக வளர்த்தவர். கட்டளை இறங்கிய பின்னர் அபூ ஹுதைஃபாவின் மவ்லா, அதாவது அவரைச் சார்ந்தவர் என்று அழைக்கப்பட்டார். வம்சத்தைக் கொண்டு பெருமை பேசிய அரபு மண்ணில், முதல் முஹாஜிர்களுக்குக் குபாவில் இமாமாக நின்று தொழுவித்தவர் இவர். பின்னால் நின்றவர்களில் உமர் (ரலி) அவர்களும் உண்டு. குர்ஆனை அதிகம் அறிந்திருந்தார் என்பதே காரணம். அல்குர்ஆனை யாரிடம் கற்க வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பெயர் சொல்லிய நால்வரில் ஸாலிமும் ஒருவர். வளர்த்தவரும் வளர்ந்தவருமாக இருவரும் யமாமா போரில் ஒருசேர ஷஹீதானார்கள்.

நாயகம் (ஸல்) அவர்களே பிறக்கும் முன் தந்தையை இழந்து, ஆறு வயதில் தாயை இழந்து, எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்து, பெரிய தந்தை அபூ தாலிபின் வீட்டில் வளர்ந்தவர்கள் என்பதை மதரஸாவில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கின்றனர். இதை மீலாது மேடையில் பேசுகிறோம். நம் வீட்டிலுள்ள பிள்ளையின் காதருகே பேசுவதில்லை.

இனி, கதை சொல்லும் முறை பற்றிச் சில செய்திகள். ஒரு நாள் பிள்ளையை உட்கார வைத்துப் பெரிய இரகசியத்தை உடைப்பது போலச் சொல்லாதீர்கள். மூன்று, நான்கு வயதிலேயே கதையாகத் தொடங்கி, 'மூஸா நபிக்கு இருந்தது போல உனக்கும் இரண்டு அம்மா' என்று இயல்பாகச் சொல்லி வந்தால், பிள்ளைக்கு அது தெரியாமல் இருந்த நாளே நினைவில் இராது. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லுங்கள்; கேட்காததையெல்லாம் கொட்டி விடாதீர்கள். அதே கேள்வியைப் பத்து முறை கேட்கும். பத்து முறையும் ஒரே விடையைச் சொல்லுங்கள்.

'அல்லாஹ் உன்னை எங்களுக்குத் தந்தான்' என்பது அழகிய பேச்சு, ஈமானுக்கும் பொருத்தமானது. ஆனால் பெற்ற தாய் மவ்த்தான பிள்ளையாக இருந்தால், 'உங்களுக்குத் தருவதற்காகவா என் அம்மாவை அல்லாஹ் எடுத்துக் கொண்டான்?' என்று அது கேட்கும். குழந்தைகள் கணக்கில் வல்லவர்கள். அங்கே நாம் அல்லாஹ்வின் நாட்டத்துக்குக் காரணம் கற்பிக்கப் போகாமல், அம்மா மவ்த்தானது எல்லோருக்கும் துக்கம், நீ எங்களிடம் வந்தது எங்களுக்கு மகிழ்ச்சி என்று இரண்டையும் தனித்தனியாகவே சொல்ல வேண்டும். அழுதால் அழ விடுங்கள். யஃகூப் (அலை) அவர்கள் பிரிந்த பிள்ளைக்காக அழுதே பார்வை இழந்தார்கள். அழுகை பொறுமைக்கு மாறானது அன்று.

இன்னொன்று. நன்றிக்கடன் பேச்சு. 'எடுத்து வளர்த்த எங்களுக்கா எதிர்த்துப் பேசுகிறாய்?' என்ற சொல் வாயில் வரக்கூடாது. நாம் பெற்ற பிள்ளை எதிர்த்துப் பேசினால் என்ன செய்வோமோ அதையே செய்வோம். இரவில் சொன்ன நபிமார் கதையைப் பகலில் கடன் சீட்டாக நீட்டினால், பிள்ளை கதையையும் நம்பாது, நம்மையும் நம்பாது.

பெரியவர்களுக்கான சட்டச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் நமக்குப் பொருந்தாது. நெடுங்காலமாக 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தில் காப்பாளராக ஆவதே நமக்கு இருந்த வழி; அந்த உறவு பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் சட்டப்படி முடிந்து விடும். ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இளைஞர் நீதிச் சட்டத்தின்படி எம்மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. விரும்புவோர் அவ்வழியே செல்லலாம், தம் மார்க்கச் சட்டத்தின்படி நிற்க விரும்புவோர் அவ்வாறே நிற்கலாம், எவர் மீதும் கட்டாயமில்லை என்பதும் அத்தீர்ப்பின் சாரம். இப்போது நடைமுறையில் உள்ளது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். 2022 முதல் தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். மருத்துவமனையிலோ இடைத்தரகர் மூலமோ கைமாற்றாகக் குழந்தை வாங்குவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும் செய்யாதீர்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள். குழந்தையை ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாறித் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. தத்துப் பிள்ளை 18 வயதுக்குப் பின் தன் பூர்வீகத்தைத் தேட விதிகளே இடம் தருகின்றன. நாட்டுச் சட்டமும் வேரை மறைக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மார்க்கச் சட்டத்தில் வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லை. ஆனால் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்யலாம். வாழும்போதே ஹிபா கொடுத்து உரிமையாக்கலாம். காலமானபின் பிள்ளை வெறுங்கையோடு வாசலில் நிற்கும்படி விடுவது மார்க்கத்தின் குறையன்று, நம் சோம்பலின் குறை. மஹ்ரம் பிரச்சினைக்கும் வழி உண்டு. இரண்டு வயதுக்குள் வளர்ப்புத் தாயோ அவருடைய சகோதரியோ பாலூட்டினால் பால்குடி உறவு ஏற்படும். ஷாஃபி மத்ஹபில் ஐந்து முறை வேண்டும். ஹனஃபி மத்ஹபில் ஒரு முறையே போதும். இரு மத்ஹபினரும் நம் மாவட்டத்தில் இருப்பதால் அவரவர் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்து கொள்ளுங்கள். குழந்தை வந்த அன்றே கேளுங்கள். மூன்று வயதில் வந்து கேட்டால் எந்த ஆலிமாலும் உதவ முடியாது.

நிகாஹ் குறித்து நம் குழு எடுத்துள்ள முடிவையும் இங்கே அறிவிக்கிறோம். வளர்ப்புப் பிள்ளையின் நிகாஹுக்கு ஒரு மாதம் முன்னதாகவே வீட்டார் இமாமைத் தனியே சந்தித்துத் தெரிவிக்க வேண்டும். தஃப்தரில் தந்தை பெயருக்குக் கீழே, வளர்த்தவர் பெயரையும் எழுத ஒரு வரி சேர்க்கப்படும். பிள்ளைக்கு உண்மை தெரியும் என்பதை இமாம் உறுதி செய்து கொண்ட பின்னரே மஜ்லிஸ் நாள் குறிக்கப்படும். வலீ யார் என்பதும் அப்போதே பேசி முடிக்கப்படும்.

ஷவ்வால் மாதத்தில் மதரஸா வகுப்புகள் தொடங்கும்போது, சிறுவர் வகுப்பில் மூஸா (அலை) அவர்களின் வரலாறு முதல் வாரத்திலேயே நடத்தப்படும். பாலூட்டிய தாயையும், கரையோரம் நடந்த அக்காவையும் விட்டுவிடாமல் சொல்லுமாறு உஸ்தாதுமார்களைக் கேட்டுக் கொண்டுள்ளோம். உங்கள் வீட்டில் அத்தகைய பிள்ளை இருந்து, இன்னும் சொல்லாமல் இருந்தால், அந்த வாரத்துக்கு முன்னதாக உஸ்தாதிடம் ஒரு சொல் சொல்லி வையுங்கள். அச்செய்தி எந்த ஏட்டிலும் எழுதப்படாது; நிர்வாகக் குழுவுக்கும் சொல்லப்படாது. அன்று வீடு திரும்பிய பிள்ளை, 'எனக்கும் பேழை இருந்ததா?' என்று கேட்டால், விடை சொல்ல நீங்கள் வீட்டில் இருங்கள்.